நூலைத் தொலைக்கும் முறை

கண்டிப் பக்கத்து மடவளையில் லூப் போட்டுக்கொண்ட பெண்களுக்கும், போடப்போகிறவர்களுக்கும், போட்டவர்களுக்கு வாசலில் நின்று புத்தி சொல்லும் அயலவர்களுக்கும் உதவட்டும் என்று இந்தக் கையேட்டை எழுதுகிறேன். கர்ப்பம் தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், பெருவிரலில் பாதி நீளமுள்ள ஒரு சாமான். அதைவைத்து ஒரு குடும்பத்தின் நித்திரையை வருஷக்கணக்கில் கெடுப்பது எப்படி என்று அனுபவப்பட்ட யாரும் இதுவரை எழுதிவைக்கவில்லை. எனக்கு அனுபவம் உண்டு. மூன்று பிள்ளைகள், ஒரு லூப், தொலைந்துபோன ஒரு கார்ட்.

முதல் வேலை, உள்ளே போட்டது எது என்று கேட்காமல் வருவது. "லூப் போட்டாச்சு" என்றால் தலையை ஆட்டிவிட்டு அபாயாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட வேண்டும். அந்தச் சொல்லே பழங்காலத்துச் சொல். 1962இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து டொக்டர் ஜாக் லிப்பெஸ், பாம்பு நெளிந்ததுபோல ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொண்டுவந்தார். அதன் பெயர் லிப்பெஸ் லூப். 1965இல் இந்தியா அதைத் தன் குடும்பக்கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்த்தது. இங்கே இலங்கைக்கும் வந்தது. நெளிந்த அந்தப் பிளாஸ்டிக்கை இன்றைக்கு எந்தக் கிளினிக்கிலும் காணமாட்டீர்கள். பெயர் மட்டும் எங்கள் வாயிலே தங்கிவிட்டது. தமிழ்நாட்டார் 'காப்பர் டி' என்று சொல்கிறார்கள், அதிலாவது பாதி விவரம் இருக்கிறது. நமக்கு எல்லாமே லூப்தான்.

ஆனால் லூப் இரண்டு வகை. அரசாங்க எம்.ஓ.எச். கிளினிக்கில் இலவசமாகப் போடுவது செப்புக்கம்பி சுற்றியது. அதில் ஹோர்மோன் கிடையாது, பத்து வருஷம் கிடக்கும், முதல் மாதங்களில் மாதவிடாயைக் கொஞ்சம் கூட்டும். மற்றது ஹோர்மோன் லூப். அதை அநேகமாகப் பெண்நோய் டொக்டர்தான் போடுவார், அடக்கமுடியாத ரத்தப்போக்குக்காகவும் போடுவார். இதன் தண்டிலே 52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் அடைத்திருக்கிறது. ஆரம்பத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் கசியும். பார்மசியில் ரகசியக் குரலில் கேட்டு வாங்கும் போஸ்டினர் என்ற அவசரக் கர்ப்பத்தடைக் குளிசையில் இருப்பதும் இதே மருந்துதான். ஒரு போஸ்டினரில் உள்ள 1.5 மில்லிகிராமை லூப் இரண்டரை மாதத்துக்குப் பிரித்துச் செலவழிக்கும். எங்கள் வாப்பும்மா சீனியை அளந்து போடுவதுபோல. இது முதலில் சந்தைக்கு வந்தது 1990இல், ஃபின்லாந்தில். 2015இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஒன்று ரத்தத்தைக் கூட்டும், மற்றது நாளடைவில் குறைக்கும். எது உங்களுடையது என்று தெரியாவிட்டால், பக்கத்து வீட்டாளின் செப்பு லூப்புக்கு டொக்டர் சொன்ன புத்தியை உங்கள் ஹோர்மோன் லூப்புக்கு எடுத்துக்கொண்டு அழகாகக் குழம்பலாம். நான் ஏழு மாதம் குழம்பினேன்.

அடுத்தது கார்ட். எந்த வகை, போட்ட திகதி, எடுக்கவேண்டிய திகதி மூன்றும் அதில் எழுதியிருக்கும். அதைக் கொண்டுவந்து கல்யாண அல்பத்துக்குக் கீழே, பழைய பிஸ்கட் டின்னில், காணி உறுதிகளோடு சேர்த்து வைத்துவிட வேண்டும். அங்கே வைத்தால் எந்த மனிதப்பிறவிக்கும் கிடைக்காது. என்னுடையதில் டொக்டர் திகதியை மட்டும் எழுதி, வகையை எழுதாமல் விட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். வகையைக் கேட்காமல் எழுந்து வந்தவள் நான்.

இனி ஆலோசகரைத் தெரிவுசெய்யுங்கள். மிட்வைஃப் மிஸ் படித்தவர், வீடு தேடி வருபவர், சம்பளம் வாங்கிக்கொண்டு இதற்காகவே இருப்பவர். ஆகவே அவரிடம் கேட்கவே கூடாது. மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தாத்தாவிடம் கேட்க வேண்டும். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்கள் மிரளவேண்டாம். எங்களூர் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா.) நான் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"அது மேல ஏறுற மகள். ஏறி நெஞ்சுல போய் ஒட்டிக்கொள்ற. எங்கட மாமிட ஊர்ல ஒரு பொம்பளைக்கு அப்பிடித்தான் போன."

"எந்த ஊரு தாத்தா?"

"ஊரு என்னத்துக்கு? போன எண்டா போன."

கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் இடையே பாதை இல்லை என்று நான் அன்றைக்கு அடித்துப் பேசியிருக்கலாம். ஆனால் முழுப்பொய் எந்த ஊரிலும் இவ்வளவு காலம் பிழைக்காது. ஆயிரம் பேருக்குப் போட்டால் ஒருவர் அல்லது இருவருக்கு, லூப் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துவிடுகிறது. அநேகமாகப் போடும் நேரத்திலேயே அது நடந்துவிடும் அல்லது தொடங்கிவிடும். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 61,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்று 2015இல் வெளியானது. ஹோர்மோன் லூப் போட்டவர்களில் ஆயிரத்துக்கு 1.4, செப்புக்கு 1.1 என்று கணக்குச் சொன்னது. பால்கொடுக்கும் தாய்மாருக்கு இந்த ஆபத்து சுமார் ஆறு மடங்கு. கர்ப்பப்பை அப்போது மிருதுவாக இருக்கிறது. ஆறு மடங்கு என்றாலும் ஆயிரத்துக்குச் சிலபேர்தான், பால்கொடுப்பவர்கள் போடக் கூடாது என்று அர்த்தமில்லை. போடுகிறவர் கைபழகியவராக இருக்க வேண்டும், "பால்குடிக்கிற பிள்ளை இருக்கு" என்று நாமும் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

துளைத்துப் போனால் அது வயிற்றறைக்குள் போகும். அங்கே குடலோடும் கொழுப்போடும் ஒட்டிக் கிடக்கும். நெஞ்சுக்கு ஏறாது. தாத்தாவின் பொம்பளை உண்மையில் இருந்திருந்தால், அவருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். ஒரு எக்ஸ்ரேயில் தெரியும், ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக்கில் பேரியம் உப்பைக் கலந்தே செய்கிறார்கள். தொப்புளருகே சின்ன ஓட்டை போட்டுக் கெமரா விட்டு எடுத்துவிடுவார்கள். இதைத் தாத்தாவிடம் சொன்னபோது "அப்ப ஏறுறதான்" என்று வெற்றிப் புன்னகையோடு கீரைக்குத் திரும்பினார்.

இனி இந்தக் கையேட்டின் நடுப்பகுதி. கொஞ்சம் நீளம்.

ஹோர்மோன் லூப் போட்ட முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம், ரத்தம் ஒழுங்கில்லாமல் சொட்டுச் சொட்டாய் வரும். இது கோளாறில்லை, மருந்து வேலைசெய்யும் விதம். கர்ப்பப்பையின் உட்தோல் மெலிந்துவருகிறது, மெலியும்போது அங்குமிங்கும் கசியும். போடுமுன் யாராவது இதைச் சொல்லியிருந்தால் காத்திருப்பதற்கு மனம் தயாராகும். ஆகவே, கஷ்டப்பட விரும்புகிறவர்கள் இந்த விளக்கம் நடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மற்ற ஊர்ப் பெண்களுக்குச் சொட்டு ரத்தம் ஒரு எரிச்சல். எங்களுக்கு அது ஒரு கணக்குப் பாடம். எங்கள் வீடுகளில் யாரும் மாதவிடாய் என்று சொல்வதில்லை. "தொழுகை இல்ல" என்போம். மாதத்தில் ஆறேழு நாள் தொழுகை இல்லாதவளை வீடு கேள்வி கேட்காது. நாற்பது நாள் தொழுகை இல்லாதவளை மாமி பார்க்கும் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லுஹருக்குப் பாங்கு சொல்லும், நான் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன். மாமி முசல்லாவை விரிக்கும்போது என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அஸருக்கும் அதே பார்வை. நான் அடுப்படிக் கலண்டரில் பென்சிலால் புள்ளி வைக்கத் தொடங்கினேன். ரத்தம் கண்ட நாளுக்கு ஒரு புள்ளி, சந்தேகமான நாளுக்கு ஒரு கோடு. இரண்டாம் மாதத்திலே ரமழான் வந்தது. இருபத்திரண்டு நோன்பு விட்டேன். அந்த மாதத்துத் தாளைப் பார்த்த என் சின்ன மகன், "உம்மா, இது மோர்ஸ் கோடா?" என்று கேட்டான்.

ஷாபிஈ மத்ஹபில் மாதவிடாய்க்குக் குறைந்த அளவு ஒரு பகல் ஓர் இரவு, கூடியது பதினைந்து நாள். அதைத் தாண்டி ஓடுவது இஸ்திஹாளா. அதற்காகத் தொழுகையை விடத் தேவையில்லை. கழுவி, கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபிறகு வுளூ எடுத்துத் தொழவேண்டியதுதான். விட்டுவிட்டு வரும் சொட்டுகளை எப்படிக் கூட்டிக் கழிப்பது என்பதற்கு ஒவ்வொருவரின் பழைய வழக்கத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஊரில் மார்க்கம் படித்த பெண்கள், மௌலவியாக்கள், இருக்கிறார்கள். நான் கேட்டது ஐந்தாம் மாதத்தில். அவர் என் கலண்டரை வாங்கி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கடைக்கணக்குப் பார்ப்பவர்போலப் பார்த்தார். நான் விட்ட தொழுகைகளில் பாதிக்குமேல் விடத் தேவையில்லாதவை. மௌலவியா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "டொக்டர்ட கேட்டீங்களா, இது எவ்வளவு நாளைக்கு வரும் எண்டு?" என்று மட்டும் கேட்டார். மார்க்கக் கேள்விக்குப் போனவளிடம் மருத்துவக் கேள்வியைக் கேட்டவர் அவர். மருத்துவத்துக்குப் போன இடத்தில் என் தொழுகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் லூப் போடுமுன் சொல்லவேண்டிய முதல் விஷயம் இந்தத் தொழுகைக் கணக்குதான் என்பது என் கட்சி.

டொக்டரிடம் போயிருந்தால் என்ன செய்திருப்பார்? முதலில் கர்ப்பம் இல்லையென்று சிறுநீரில் பார்ப்பார். நூல் தெரிகிறதா, லூப் இடம்மாறியதா, கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் சரியென்றால் மெஃபனமிக் அசிட் போன்ற குளிசையைச் சில நாட்களுக்கு எழுதுவார். வயிற்றுப்புண் உள்ளவர்கள் அதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். பிறகு "இன்னும் இரண்டு மூன்று மாதம் பாருங்கள்" என்பார். ஆறு மாதம் தாண்டியும் ஓயாவிட்டால், அல்லது ஓய்ந்தபிறகு திடீரென்று தொடங்கினால், மறுபடி ஸ்கேன். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானைத் தவிர்ப்பதற்காக நான் குடித்த வெந்தயத் தண்ணீரை அளந்தால் மகாவலியில் ஒரு வாளி கூடியிருக்கும்.

சொட்டுவது ஓய்ந்ததும் நிம்மதி வரும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். எங்களுக்குப் பயப்பட இன்னொரு காரணம் தயாராக இருக்கிறது. ஒரு வருஷத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் அறவே நின்றுபோகும். அப்போது "கெட்ட ரத்தம் உள்ள கட்டி நிக்குது" என்ற பேச்சு தொடங்கும். உள்ளே ஒன்றும் நிற்கவில்லை. உட்தோல் வளர்ந்தால்தானே உதிர! நெல் விதைக்காத வயலில் அறுவடை எங்கே என்று யாரும் தேடுவதில்லை. ரத்தப்போக்கால் இரும்புச்சத்து குறைந்து, படியேற மூச்சுவாங்கும் பெண்களுக்கு இதுதான் மருந்தே. பெரும்போக்கு உள்ளவர்களுக்கு மூன்றே மாதத்தில் ரத்த இழப்பு எண்பது சதவீதத்துக்கு மேல் குறைகிறது. எனக்கு இது போட்டதும் அதற்காகத்தான். பிள்ளைக்காக இல்லை என்று நான் சொன்னால் தாத்தா நம்பவில்லை.

இப்போது தலைப்புக்கு வருவோம். லூப்பின் அடியில் இரண்டு மெல்லிய நூல் இருக்கும். கர்ப்பப்பை வாய்க்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். கையைக் கழுவிவிட்டு, மாதம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும். எங்கள் மிட்வைஃப் மிஸ் சிங்களப் பெண். வீட்டுக்கு வந்தால் தேநீர் குடிக்குமுன் கேட்கும் முதல் கேள்வி, "நூல தியெனவத?" நூல் இருக்கிறதா என்று அர்த்தம். சிங்களத்திலும் நூல் நூல்தான். பாஷை விளங்கவில்லை என்று தப்பிக்க வழியில்லை. ஆனால் நான் தப்பித்தேன். முதல்முறை அவர் கேட்டபோது மாமி முந்திக்கொண்டு, "தியெனவா மிஸ்" என்று என் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். லெப்பை ஓதிக் கட்டிய கறுப்பு நூல். மிஸ் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்ததில் பதில் சொல்லாமல் விட்டாயிற்று.

நூலைத் தொலைக்க ஒன்றும் செய்யத் தேவையில்லை, தேடாமலிருந்தால் போதும். ஒருநாள் தேடுவீர்கள், இருக்காது. அப்போது மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். நூல் சுருண்டு உள்ளே இழுபட்டிருக்கும், அநேகமாக இதுதான். அல்லது லூப் கழன்று விழுந்திருக்கும். இருபதில் ஒருவருக்கு இது நடக்கிறது, பெரும்பாலும் முதல் சில மாதங்களில், மாதவிடாயோடு மாதவிடாயாகத் தெரியாமலே போய்விடும். அல்லது மேலே சொன்ன துளைத்தல். மூன்றுக்கும் வைத்தியர்கள் போகும் வழி ஒன்றுதான். கர்ப்பமா என்று பார்ப்பார்கள். லூப் எங்கேயென்று தெரியும்வரை கணவரிடம் ஆணுறையைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். (அந்தப் பேச்சுக்கு ஒரு தனிக் கையேடு வேண்டும்.) கருவிவைத்து வாய்ப்பகுதியைப் பார்ப்பார்கள், சின்னத் தூரிகை ஒன்றைச் சுழற்றினால் சுருண்ட நூல் பல நேரம் கீழே வந்துவிடும். வராவிட்டால் ஸ்கேன். ஸ்கேனிலும் இல்லையென்றால் வயிறு முழுவதற்கும் எக்ஸ்ரே. எக்ஸ்ரே எடுக்காமல் "விழுந்திருக்கும், வேறொன்று போடுங்கள்" என்று முடிவுகட்டக் கூடாது. முதலாவது வயிற்றறையில் படுத்திருக்க, இரண்டாவதையும் சுமக்கும் நிலை வரும்.

என்னுடையதை ஒரு வருஷம் தேடவில்லை. பிறகு ஒருநாள் துணிவுவந்து தேடினேன், இல்லை. அன்றிரவு நெஞ்சில் குத்துவதுபோல இருந்தது. தாத்தா சொன்ன அதே இடத்தில். காலையில் வத்துகாமம் பஸ்ஸைப் பார்க்காமல் த்ரீவீல் பிடித்துக் கண்டிக்குப் போனேன். ஸ்கேன் அறை இருட்டு. வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல்நிற மேகத்துக்கு நடுவே வெள்ளையாய் ஒரு கோடு, அதன் தலையில் குறுக்காக இன்னொரு கோடு. பள்ளிக்கூடத்தில் வரைந்த தென்னைமரம் மாதிரி. "தியெனவா, ஹொந்தட்ட தியெனவா" என்றார். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நூல் மட்டும் சுருண்டு மேலே போயிருந்தது. வேலை செய்யும் லூப்பை நூலுக்காக எடுக்கத் தேவையில்லையாம், காலம் முடியும்போது கொக்கிபோன்ற ஒரு கருவியால் எடுக்கலாமாம். நெஞ்சுக் குத்து அந்தக் கட்டிலிலேயே நின்றுவிட்டது. த்ரீவீலுக்கு மட்டும் செலவு.

கிருமித் தொற்று பற்றிச் சுருக்கமாக. லூப் போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் ஆபத்துக் கூட, அதன்பிறகு மிகக் குறைவு. காய்ச்சல், அடிவயிற்று வலி, மணமுள்ள வெள்ளைபடுதல் வந்தால், கையேட்டின்படி, இரண்டு பனடோலும் கொத்தமல்லிக் குடிநீரும் ஒரு கிழமை. டொக்டர் முறைப்படி, அன்றைக்கே அன்டிபயோட்டிக். இரண்டு மூன்று நாளில் குணம் தெரிந்தால் லூப்பை எடுக்கக்கூடத் தேவையில்லை. லூப் என்றாலே தொற்று என்ற பெயர் வந்தது அமெரிக்காவில் 1971 முதல் 1974 வரை விற்ற டால்கன் ஷீல்ட் என்ற சாமானால். அதன் நூல் பல இழை முறுக்கியது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலக் கிருமியை மேலே இழுத்தது. பெண்கள் இறந்தார்கள், பலர் பிள்ளைப்பேறில்லாமல் போனார்கள், அதைச் செய்த ஏ.எச். ராபின்ஸ் கம்பனி வழக்குகள் தாங்காமல் 1985இல் திவாலானது. இப்போதைய நூல் ஒற்றை இழை. அந்தப் பயத்துக்கு அன்று நியாயம் இருந்தது.

தலையிடி, முகப்பரு, மார்பு கனத்தல், மனம் இறங்குதல் ஆகியவை சிலருக்கு வரும், பலருக்குச் சில மாதத்தில் அடங்கும். சூலகத்தில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் எழுதினால் பயந்து வெட்டக் கொடுக்காதீர்கள், அநேகம் தானாகக் கரையும். கணவர் நூல் குத்துது என்று முறையிட்டால் மிஸ்ஸிடம் சொல்லிக் கத்தரித்துக்கொள்ளலாம். மனம் மட்டும் அடங்காமல் இருண்டுகொண்டே போனால் அதை மாமியின் தலையில் போடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், எடுத்துவிடலாம். ஆனால் தானே இழுத்து எடுக்கும் வீரச்செயல் வேண்டாம். எடுக்க முடிவானால், வேறு பாதுகாப்பில்லாமல் முந்திய ஏழு நாளில் சேர்ந்திருந்தால் கர்ப்பம் தங்க வழியுண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்ததில் பகிடி இல்லை. லூப் இருக்கும்போது கர்ப்பம் தங்குவது மிக அரிது, வருஷத்துக்கு ஆயிரத்தில் இரண்டு என்ற அளவு. ஆனால் தங்கினால், அதில் பாதிவரை கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்குகிறது. லூப் இல்லாத பெண்ணைவிட ஒட்டுமொத்த ஆபத்து குறைவுதான். இருந்தாலும் லூப் உள்ள ஒருத்திக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும்வலி, தலைசுற்றி மயக்கம், தோள்மூட்டு நுனியில் விளங்காத வலி வந்தால் தாத்தா, மாமி, மௌலவியா, இந்தக் கையேடு எதையும் கேட்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வெடித்த குழாயிலிருந்து ரத்தம் போகும் வேகத்துக்கு மணித்தியாலக் கணக்கில்தான் அவகாசம். கர்ப்பம் கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்து, நூலும் தெரிந்தால், முதல் மாதங்களிலேயே லூப்பை எடுத்துவிடுவார்கள். வைத்திருந்தால் கருச்சிதைவுக்கும் தொற்றுக்கும் இடம்கொடுக்கும்.

கடைசியாக, வதந்தியைப் பேணுதல். இந்தத் துறையில் எங்கள் கண்டி மாவட்டத்துக்குப் புத்தி சொல்ல யாரும் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் 'வந்த பெத்தி', அதாவது சிங்களவரை மலடாக்கும் குளிசை இருந்ததாகச் சொல்லி ஒரு கும்பல் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கியது. அரச பகுப்பாய்வில் அது வெறும் மாச்சத்து என்று வந்தது. ஒரு பெண்ணையோ ஆணையோ நிரந்தரமாக மலடாக்கும் குளிசை உலகத்திலேயே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு நாடு முழுக்கப் போனில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான், மார்ச் முதல் கிழமை, எங்களுக்குப் பக்கத்தில் தெல்தெனியாவிலும் திகனயிலும் முஸ்லிம் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆறாம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை உள்ளறையில் படுக்கவைத்து, மெனிக்கின்னைப் பக்கமிருந்து வரும் சத்தத்துக்குக் காதுகொடுத்துக்கொண்டிருந்தோம். 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் டொக்டர் சிங்களத் தாய்மாரை ரகசியமாக மலடாக்கினார் என்று அதே கதை மறுபடி எழுந்தது.

இவ்வளவையும் பட்ட ஊரிலே இன்றைக்கு ஓடும் கதை என்ன தெரியுமா? "மிட்வைஃப் போடுற லூப்ல எங்கட பொம்பளைகள மலடாக்குறாங்க." அவர்கள் எங்களைப் பற்றிச் சொன்னதை நாங்கள் திருப்பி அவர்களைப் பற்றிச் சொல்கிறோம், குளிசைக்குப் பதிலாக லூப் என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றி. லூப்பை எடுத்தால் பிள்ளை தங்கும். எடுத்த அடுத்த மாதமே தங்கியவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். தற்காலிகத் தடுப்புக்குக் கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் அனுமதி உண்டென்று சொல்லும் ஆலிம்களும் நிறையப் பேர். மார்ச் மாதத்து அந்த வாரம் முடிந்து ஊரடங்கு தளர்ந்ததும், எங்கள் ஒழுங்கைக்கு முதலில் வந்த சிங்களவர் யார் என்று கேட்டால் சொல்வேன். வெள்ளைச் சீருடை, கையில் குடை, தோளில் பை. வாசலில் நின்று முதலில் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டார். பிறகு நூலைக் கேட்டார். அன்றைக்கும் நான் சிரித்து மழுப்பினேன்.

இந்தக் கையேட்டை எழுதத் தொடங்கியபோது விவரம் சரிபார்க்க என் கார்டைத் தேடினேன். பிஸ்கட் டின்னில், காணி உறுதிக்கும் வாப்பாவின் மரணச் சான்றிதழுக்கும் நடுவே கிடந்தது. ஹோர்மோன் லூப்புக்கு முதலில் விதித்த ஆயுள் 5 வருஷம். அமெரிக்காவில் 2022இல் கர்ப்பத்தடைக்கு அதை 8 வருஷம்வரை நீட்டினார்கள். ரத்தப்போக்குக்காகப் போட்டவர்களுக்கு இன்னும் 5தான். என்னுடையதற்கு இந்த மாதத்தோடு ஆறு முடிந்துவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை போகிறேன், நூல் இல்லாத கேஸ் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் டின்னைத் திறந்து, கார்டில் எந்த வருஷம் எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.